மேலே போவது எங்கள் இலாகா

ஆகாயத்தை அரசாங்கமே வைத்துக்கொள்வதா, தனியாரிடம் கொடுத்துவிடுவதா என்று 1983-ஆம் வருஷம் டெல்லிக்கு ஒரு சந்தேகம் வந்தது. வந்த சந்தேகத்தை அங்கேயே வைத்துக்கொண்டிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. மக்களைக் கேட்டு முடிவெடுக்கலாம் என்று எவனோ ஒரு புண்ணியவான் கோப்பில் எழுதிவிட்டான். விளைவு, பெரம்பலூரில் ஒரு பழைய உரக் கிடங்குக்கு வெள்ளையடித்து, 'விண்வெளிக் கொள்கை மக்கள் கருத்தறி வட்டாரக் கிளை' என்று பலகை மாட்டினார்கள். மழை வந்தால் ஒழுகும் கட்டடம். ஆனால் மழை வந்தால்தானே!

நான் அங்கே எழுத்தர். பெயர் கண்ணையன். அந்த வருஷம் மழை இல்லை, முந்தின வருஷமும் இல்லை. வானத்தில் ஒன்றுமே இல்லாத நேரம் பார்த்து, அது யாருக்குச் சொந்தம் என்று ஊர் ஊராகப் படிவத்தோடு கிளம்பினோம்.

ஒரு ஆபீஸ் என்றால் அதற்கு ஏதாவது அதிகாரம் வேண்டாமா? தரையை விட்டு மேலே கிளம்பும் எந்தப் பொருளும் இனி எங்கள் அனுமதியோடுதான் கிளம்ப வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. திருவிழா வாணவேடிக்கை எங்களிடம் வந்தது. பட்டம் விடுகிறவர்கள் மூன்று நகல்களில் விண்ணப்பிக்க வேண்டும். ஒருத்தரும் விண்ணப்பிக்கவில்லை, அது வேறு விஷயம். கிணற்றுப் பாறைக்கு வேட்டு வைத்தால் கல் மேலே தெறிக்கிறது அல்லவா? ஆகவே வேட்டு வைக்கும் தோட்டாவுக்கும் நாங்களே அனுமதி தருவது என்று ஆயிற்று.

அப்படித்தான் அங்கமுத்து எங்களிடம் வந்து மாட்டிக்கொண்டார். அப்போதெல்லாம் நான் அவரை 'அவன்' என்றுதான் சொல்வேன். இப்போது 'அவர்' என்கிறேன். செலவில்லாத மரியாதைதானே, போகட்டும்.

வாலிகண்டபுரத்துக்குத் தெற்கே ஒரு காலனியில் இருந்து வந்தார். முப்பது வருஷமாகக் கிணற்றுப் பாறைக்கு வேட்டு வைக்கிற தொழில். கையில் துண்டு, கக்கத்தில் மனு.

"ஆறு தோட்டா போதுங்க ஐயா," என்றார். "காலனிக் கெணறு அம்பது அடி. அடியில ஒரு பாறை பக்கவாட்டுல நீட்டிக்கிட்டு நிக்குது. அதுக்கு அடியிலதான் ஊத்து. பொம்பளைங்க எறங்கி, பாறைக்கு அடியில குனிஞ்சு பூந்து, கொட்டாங்கச்சியால வழிச்சு வழிச்சுத்தான் கொடத்த ரொப்புறாங்க. பங்குனியில பாறை வெரிசல் வுட்டுருச்சுங்க. நாமளா பேத்துப்புட்டா தண்ணியும் வரும், பயமும் இல்ல. இல்லாட்டி அது எப்ப எவ தலையில எறங்கும்னு சொல்ல முடியாது."

"ஊர்த்தெருக் கெணத்துல தண்ணி இல்லையா?"

"இருக்குங்களே. அது ஊர்க் கெணறு. நாங்க காலனிங்க." இதையெல்லாமா கேட்பார்கள் என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"யாரு எறங்குறது?"

"எம் பொஞ்சாதி பொன்னாயிதாங்க தெனமும் மொதல்ல எறங்குறா. அவ ஒல்லி. பாறைக்கு அடியில சுளுவா பூந்துடுவா."

மனுவை வாங்கி வைத்துக்கொண்டு படிவத்தை எடுத்தேன். மனு கொடுக்க வருகிறவர்களிடம் கருத்து வாங்காமல் அனுப்பக் கூடாது என்பது உத்தரவு. பெரம்பலூர், அரியலூர் இரண்டு தாலுகாவிலும் சேர்த்து ஆயிரத்து இருநூறு கருத்து சேர்க்க வேண்டும். அதுவரை எண்பது கருத்துதான் சேர்ந்திருந்தது. அதிலும் அறுபது எங்கள் ஆபீஸ் ஆட்களின் மாமன் மச்சான் கருத்து.

"ஆகாயம் சர்க்காருகிட்ட இருக்கணுமா, தனியார்கிட்ட இருக்கணுமா?"

அவர் ஜன்னல் வழியே ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். "மழை பேஞ்சா யாருகிட்ட இருந்தா என்னங்க?"

நான் 'இருவரிடமும்' என்று குறித்துக்கொண்டேன்.

கிளை அதிகாரி அமிர்தலிங்கம் சார் நல்ல மனுஷர். ராக்கெட்டைக் காலண்டரில் பார்த்திருக்கிறார். மனுவைப் படித்துவிட்டு, "தோட்டா, பாறை, பொன்னாயி. விண்வெளி எங்கய்யா இதுல வருது?" என்று கேட்டார். கல் தெறிக்கும் சார் என்றேன். எவ்வளவு உயரம் தெறிக்கும் என்று விவரம் கேட்டு மனுவைத் திருப்பினார். அங்கமுத்து மறுபடி பஸ் ஏறி வந்து, "பனமரம் ஒசரம்ங்க" என்றார். பனைமரத்தின் உயரத்துக்கு வருவாய்த் துறைச் சான்று வேண்டும் என்று அடுத்த வாரம் திருப்பினோம். அவர் அதையும் வாங்கிக்கொண்டு வந்தார். அந்த மனுஷனின் பொறுமையைப் பார்த்து எங்களுக்கே எரிச்சலாக இருந்தது.

இந்த நேரத்தில்தான் டெல்லியிலிருந்து கடிதம் வந்தது. குழு உறுப்பினர்கள் நேரில் வருகிறார்கள். 'ஏவுதலில் முன்னனுபவமுள்ள பொதுஜனப் பிரதிநிதி' ஒருவரை உள்ளூரில் தேர்ந்தெடுத்துக் குழுவில் சேர்க்கவும். பெரம்பலூரிலும் அரியலூரிலும் எதையாவது மேலே அனுப்பிப் பழகினவன் எவன்? அமிர்தலிங்கம் சார் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான்தான் வாயைத் திறந்தேன். என் வாயில் மண்ணைப் போட.

"அந்த வேட்டுக்காரன் இருக்கானே சார்."

மறுநாளே அங்கமுத்து குழு உறுப்பினர் ஆகிவிட்டார். அமிர்தலிங்கம் சார் எழுந்து நின்று, "வாங்க அங்கமுத்து, வாங்க" என்றார். அதுவரை 'வாய்யா' தான். உட்கார நாற்காலியும் போட்டார்கள், வராந்தாவில்.

"ஐயா, என் தோட்டா?"

"அதத்தான் சொல்ல வந்தேன். நீங்க இப்ப உறுப்பினர். உறுப்பினரே தனக்குத் தோட்டா கேட்டா நாலு பேரு என்ன சொல்லுவான்? குழு அறிக்கை வர்ற வரைக்கும் உங்க மனுவ நான் தொடக் கூடாது. தொட்டா என் நேர்மை என்னாகிறது?"

"அறிக்கை எப்பங்க வரும்?"

"ஒன்றரை வருஷம். சீக்கிரமாவே முடிச்சிடுவாங்க."

"அப்ப எனக்கு இந்த உறுப்பினரு வேணாங்க. வேற ஆளப் போட்டுக்கங்க."

"ராஜினாமாவ ஏத்துக்கணும்னா குழு கூடணும். குழு கூடணும்னா எல்லா உறுப்பினரும் இருக்கணும். நீங்க போயிட்டா எப்படிக் கூடும்? யோசிச்சுப் பேசுங்க."

அங்கமுத்து யோசித்தார். யோசித்து யோசித்து, தலையைச் சொறிந்துகொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். நாங்கள் ஜன்னலில் நின்று சிரித்தோம். ஆமாம், சிரித்தோம். ஒளித்து என்ன ஆகப்போகிறது?

குழு வைகாசியில் வந்தது. இரண்டு பேர். ஒருவர் டெல்லி ஆலோசகர். நம் பக்கத்து மனுஷர்தான், இருபது வருஷமாக டெல்லியில் இருந்து தமிழைக் கொஞ்சம் மறந்துவிட்டார். இன்னொருவர் இராமலிங்கம், மெட்ராசில் பிஸ்கட் கம்பெனி முதலாளி. தனியார் தரப்பு. ஆலோசகருக்கு ரயிலை விட்டு அதிக தூரம் போகப் பிடிக்காது என்பதால், அரியலூரில் ரயிலடிப் பக்கம் ஒரு மைதானத்தில் ஏற்பாடு. பொதுஜனப் பிரதிநிதி ஒரு பொருளை மேலே ஏவிக் காட்ட வேண்டும். மக்கள் பார்க்க வேண்டும். பார்த்ததும் கருத்து சொல்ல வேண்டும்.

ஏவுவதற்கு ஆறு தோட்டா. ஒரே ஒரு காலைப்பொழுதில் அனுமதி வந்து, தோட்டாவும் வந்துவிட்டது. சான்று இல்லை, நகல் இல்லை, பனைமரம் இல்லை. முந்தின நாள் சாயங்காலம் அவற்றை அங்கமுத்து கையில் கொடுத்தோம். அவர் கை அவற்றை ஒவ்வொன்றாக இரண்டு தரம் எண்ணியது. முப்பது வருஷம் தோட்டா பிடித்த கை.

"ஐயா," என்று ஆலோசகர் முன்னால் போய் நின்றார். "இதையே எங்க கெணத்துல வெச்சுக் காட்டறேங்க. நீங்க மேல நின்னு பாருங்க. கல்லு நல்லா தெறிக்கும், நீங்க ஏவச் சொல்ற தகர டப்பாவ விட ஒசரமா போவும். ஒங்களுக்கும் பாத்த மாதிரி ஆச்சு, எங்களுக்கும் தண்ணி வந்த மாதிரி ஆச்சு."

ஆலோசகர் அன்பாகத்தான் பதில் சொன்னார். "கிணறு கீழே போறதுப்பா. கீழே போறதுக்கு வேற டிபார்ட்மெண்ட் இருக்கு. மேலே போறதுதான் எங்க இலாகா."

மறுநாள் காலை பத்து மணிக்கு ஷாமியானா நிரம்பியிருந்தது. ஏவப்போகும் பொருள் இராமலிங்கம் முதலாளியின் பிஸ்கட் டின். உள்ளே கொள்கை வரைவின் ஒரு பிரதியும், இடம் மிச்சமிருந்ததால் பிஸ்கட்டும். டின்னின் எந்தப் பக்கத்தில் அரசு முத்திரை, எந்தப் பக்கத்தில் பிஸ்கட் பெயர் என்று ஆலோசகரும் முதலாளியும் முக்கால் மணி நேரம் சண்டை போட்டார்கள். மூடியில் முத்திரை, சுற்றிலும் பிஸ்கட் என்று சமாதானம் ஆனது.

ஆலோசகர் பேசினார்: "இந்த மாவட்டத்தில் தண்ணீர் இல்லை என்கிறார்கள். வருத்தம்தான். ஆனால் நிலாவிலும் தண்ணீர் இல்லை. அதற்காக நாம் நிலாவைப் பற்றி யோசிக்காமல் இருக்கிறோமா? நான் இருபது வருஷமாக வானத்தைப் பற்றி மட்டுமே யோசிக்கிறேன். என் அறையில் ஜன்னல்கூட வைத்துக்கொள்ளவில்லை, கவனம் சிதறும் என்பதால்."

கைதட்டல். அடுத்து முதலாளி எழுந்தார்: "சர்க்கார் அனுப்பினா வெறும் தகரம் போகும். நாங்க அனுப்பினா பேரோட போகும். ஜனங்க அண்ணாந்து பாக்கறப்ப படிக்கறதுக்கு ஏதாவது வேணாமா? கீழே விழுந்து யார் தலையாவது ஒடைஞ்சா என்ன பண்றதுன்னு கேக்கறாங்க. விழறது சர்க்காரோடது. போறது எங்களோடது, விழறது அவங்களோடது. இதுல என்ன குழப்பம் இருக்கு? இதான் எங்க கொள்கை."

அதற்கும் கைதட்டினோம்.

அங்கமுத்து தரையில் ஆறு குழி போட்டு, தோட்டா இறக்கித் திரி வைத்து, மேலே டின்னை நிறுத்தியிருந்தார். பற்ற வைத்துவிட்டுத் தன் வழக்கப்படி ஓடி வந்து, "வேட்டு! வேட்டு! வேட்டோய்!" என்று நாலு திசையும் பார்த்துக் கத்தினார். விருந்தினர் முன்னால் கத்தக் கூடாது என்று அமிர்தலிங்கம் சார் அதட்டினார். ஆலோசகர் மைக்கைப் பிடித்துப் பத்திலிருந்து கீழே எண்ணினார். பூஜ்யத்துக்கு வந்துவிட்டார், திரி பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. கொஞ்சம் தொண்டையைக் கனைத்துவிட்டு மறுபடி பத்திலிருந்து தொடங்கினார். ஏழில் இருக்கும்போது வெடித்தது.

டின் பனைமர உயரம் போயிற்று. வாய் பிளந்து, பிஸ்கட்டும் கொள்கையும் மைதானம் முழுக்கச் சிதறின. ஒரே ஆரவாரம். அங்கமுத்து மட்டும் முகம் வெளுத்து நின்றார்.

"அஞ்சுதாங்க கேட்டுச்சு," என்றார்.

"என்ன அஞ்சு?"

"நீங்க வெடிக்கறதுக்கு முன்னாடி எண்றீங்க. நாங்க வெடிச்ச பொறவு எண்ணுவோம். வெச்சது ஆறுன்னா கேட்டது ஆறா இருக்கணும். ஒன்னு உள்ளயே கெடக்குதுங்க. அரை மணி நேரம் யாரும் கிட்டப் போவக் கூடாது. வெச்சவன் எடத்த வுட்டு நகரவும் கூடாது."

யார் கேட்டார்கள்? பிஸ்கட்டைப் பொறுக்கச் சனம் மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. மழை பொய்த்த வருஷம். பிஸ்கட் என்றால் சும்மாவா? அங்கமுத்து துண்டை வீசிக்கொண்டு குழிகளுக்கு முன்னால் ஓடினார். கைகளை விரித்துக்கொண்டு, "போவாதீங்க, போவாதீங்க ஆத்தா" என்று ஒவ்வொருவரையும் தள்ளிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் செல்லப்பன் வந்தான். பொன்னாயியின் தம்பி. இரண்டு பஸ் மாறி வந்திருந்தான், சட்டையெல்லாம் சேறு. பஞ்சத்தில் சேறு எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரு கணம் ஆச்சரியமாக இருந்தது.

"மாமா! பாறை எறங்கிடுச்சு. அக்கா அடியில மாட்டிக்கிச்சு. இடுப்புக்குக் கீழ அப்படியே கவ்விக்கிட்டு நிக்குது. உசுரு இருக்கு மாமா, நல்லா பேசுது. யாரு கடப்பாரை போட்டாலும் இன்னும் எறங்குது. ஒங்களுக்குத்தான் அத எப்படித் தொடணும்னு தெரியும். ஒங்களத்தான் கூப்புடுது."

அங்கமுத்து விரித்த கையை மடக்கவில்லை. தலையை மட்டும் எங்கள் பக்கம் திருப்பி, "ஐயா! யாராச்சும் வந்து இங்க நில்லுங்க! நான் போவணும்! சாமி, யாராச்சும் வந்து நில்லுங்களேன்!" என்று கத்தினார்.

யார் போய் நிற்பார்கள்? வெடிக்காத தோட்டாவுக்கு முன்னால்? அங்கிருந்த போலீஸ்காரர், தமக்கு ஷாமியானா பந்தோபஸ்து மட்டும்தான் உத்தரவு என்றார். நான் போயிருக்கலாம். சனத்தைத் தடுக்கப் படிப்பா வேண்டும், இரண்டு கை போதும். எனக்கு வேட்டைப் பற்றி ஒன்றும் தெரியாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, சிதறிய கொள்கைத் தாள்களைப் பொறுக்கி வரிசைப்படுத்தினேன்.

செல்லப்பன் ஆலோசகரிடம் ஓடினான். ஜீப் கேட்டான். ஜீப் சாப்பாட்டுக்குப் பிறகு குழுவை ரயிலுக்குக் கொண்டு போக வேண்டும். பக்கத்தில் நின்ற தீயணைப்பு வண்டியைக் கேட்டான். அதை நாங்கள்தான் விண்வெளிப் பாதுகாப்புக்கென்று கேட்டு வாங்கி நிறுத்தியிருந்தோம். நிகழ்ச்சி முடிந்ததாகச் சான்று கொடுத்தால் வண்டி நகரலாம். ஆறாவது வெடிக்காமல் முடிந்ததாக எப்படிச் சான்று கொடுப்பது என்று அமிர்தலிங்கம் சார் கேட்டார். நியாயமான கேள்வி.

அரை மணி நேரம் அங்கமுத்து அந்த இடத்தை விட்டு நகரவில்லை. வாய்விட்டு அழுதுகொண்டே சனத்தைத் தள்ளினார். பிறகு குழியில் தண்ணீரை ஊற்றி, மரக்குச்சியால் மெதுவாகக் கிளறி, ஆறாவது தோட்டாவை வெளியே எடுத்து வைத்துவிட்டு ஓடினார். அதற்குள் பெரம்பலூர் பஸ் போய்விட்டது. அடுத்தது ஒன்றேகால் மணிக்கு.

ஆலோசகர் சாப்பிடும்போது கணக்குப் போட்டார். "ஆறுக்கு அஞ்சு. எண்பத்து மூணு சதவீதம். எங்க இலாகாவில் இது அபார வெற்றி."

மற்றதை நான் பிறகு கேள்விப்பட்டேன். பாறை இறங்கினதில் ஊற்றுக்கண் திறந்துகொண்டது. காலையில் பொன்னாயியின் முட்டிக்குத் தண்ணீர். உச்சிவேளைக்கு இடுப்புக்கு. அந்தக் கிணற்றில் அவ்வளவு தண்ணீரைக் காலனியில் யாரும் பார்த்ததில்லை. ஆணும் பெண்ணும் வரிசையாக நின்று குடம் குடமாக இறைத்து வெளியே கொட்டினார்கள். ஒரு குடத்துக்கு ஒரு மணி நேரம் காத்துக்கிடந்தவர்கள், தண்ணீரை வாரி வாரித் தரையில் கொட்டினார்கள். ஊர்த்தெருவில் டீசல் என்ஜின் இருந்தது. ஓடிப்போய்க் கேட்டார்கள். டீசல் இல்லை என்று பதில் வந்தது. மூன்று மணி வரை பொன்னாயி பேசிக்கொண்டிருந்தாளாம். கழுத்துக்கு வந்தபிறகும், "அவரு வந்துட்டாரா, பஸ்ஸு வந்துருச்சா" என்றுதான் கேட்டாளாம்.

அங்கமுத்து போய்ச் சேரும்போது மணி நாலரை. இறங்கி, ஆப்பு வைத்து, கால் மணி நேரத்தில் பாறையை விலக்கிவிட்டார். கால் மணி நேர வேலை.

ஒரு வாரம் காலனியில் யாரும் அந்தத் தண்ணீரைத் தொடவில்லை. எட்டாம் நாள் தொட்டார்கள். வேறு என்ன செய்வார்கள்?

ஆடி மாதம் குழு அறிக்கை வந்தது. ஒன்றரை வருஷம் என்றது இரண்டே மாதத்தில் முடிந்துவிட்டது. பெரம்பலூர், அரியலூர் வட்டார மக்கள் விண்வெளிக் கொள்கையைப் பலத்த கரகோஷத்துடன் ஒருமனதாக வரவேற்றார்கள் என்று அதில் இருந்தது. அறிக்கை வந்துவிட்டதால் நிலுவை மனுக்களை முடிக்கலாம் என்றார் அமிர்தலிங்கம் சார். நான்தான் எழுதினேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று ஆபீசில் பெயர்.

"மேற்படி பாறை தானாகவே அகன்றுவிட்டபடியாலும், மேற்படி கிணற்றில் போதிய நீர்வரத்து ஏற்பட்டுவிட்டபடியாலும், மனுதாரருக்குத் தோட்டா தேவையில்லை என முடிவு செய்து மனு முடித்துவைக்கப்படுகிறது."

பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வேண்டும் என்று என்னையே அனுப்பினார்கள். அங்கமுத்து கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார். படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். படித்தேன்.

"இதுல எங்கயாச்சும் அவ பேரு இருக்குதுங்களா சார்?"

தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன். "இல்ல. பாறையப் பத்தி மட்டுந்தான் இருக்கு."

"அப்ப அந்தப் பாறைகிட்டயே கையெழுத்து வாங்கிக்கிட்டுப் போங்க," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

வெயில் கொளுத்தியது. பெரம்பலூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்து, மனுதாரர் கைநாட்டு என்ற இடத்தில் என் கட்டைவிரலையே வைத்துக்கொண்டு வந்து கோப்பில் சேர்த்தேன். ஆபீசில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.